பியானோ பகுதி மட்டும்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வானொலி தன்பாட்டில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று பியானோவில் அவசரமில்லாத, ஒரே சீரான நடை ஒன்று கேட்டது. ஒருவன் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிற நடை. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையோடு அப்படியே நின்றேன்.

மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் அனிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"மம், இதை நிப்பாட்டுங்கோவன். சரியான அழுகைப் பாட்டு."

அவள் சொன்னது ஆங்கிலத்தில். நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன். 'மம்' மட்டும் அவளுடையது.

"கொஞ்சம் பொறு பிள்ளை, முடியட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலத்துக்கு மேலே."

அவள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் முடியுமட்டும் கேட்டேன். அன்று மீன் பிந்தித்தான் சட்டிக்குப் போனது.

அவுஸ்திரேலிய வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி இந்தப் பத்திரிகைக்காரர் கேட்டுக் கனகாலம். அவர் எதிர்பார்த்தது கங்காருவையும் கடற்கரையையும் என்று நினைக்கிறேன். மன்னிக்கவேண்டும். எனக்கு இப்போது எழுத வருவது ஒரு ஜெர்மன் பாட்டுத்தொடரைப் பற்றித்தான். அதன் பெயரை எழுதமாட்டேன். தமிழெழுத்தில் அதை வாசிக்கப் போனால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

விஷயம் இதுதான். ஒரு பாடகர், ஒரு பியானோ, வேறு பக்கவாத்தியம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் பாட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கதை. விரும்பிய பெண் கிடைக்காத ஒருவன், பனிகொட்டும் காலத்தில் ஊரைவிட்டு நடக்கிறான். போகிற இடம் அவனுக்கே தெரியாது. வழியில் ஒரு மரத்தைக் காண்கிறான், உறைந்த ஆற்றைக் காண்கிறான், ஒரு காகத்தைக் காண்கிறான். இவ்வளவுதான். இதில் பியானோ பாட்டுக்குப் பின்னால் ஒத்து ஊதுகிற பியானோ இல்லை. பாதிக் கதையை அதுதான் சொல்லுகிறது. பாடகர் மனிதன் என்றால், பியானோ அவன் நடக்கிற வழி.

2

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தது எழுபத்து நான்கில். கிளென் வேவர்லியில் வீடு எடுத்தோம். ரயில் அங்கே வந்து முடிந்துவிடும். அதற்கு அப்பால் அப்போது பழத்தோட்டங்களும் புதிதாக வெட்டிய தெருக்களும்தான். இவர், என்னுடைய கணவர், கொழும்பில் பாலம் கட்டிய எஞ்சினியர். இங்கே இருக்கிற எஞ்சினியர் சபை அவருடைய பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் சில சோதனை எழுதவேண்டும் என்றது. அதுவரைக்கும் மற்றவர்கள் கட்டுகிற பாலத்துக்குப் படம் கீறுகிற வேலை. "கடதாசியிலை இருந்தாலும் பாலம் பாலம்தானே" என்று இவர் சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

என்னிடம் ஒருவரும் பட்டம் கேட்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பியானோ படித்தவள். மாரியில் கட்டைகள் ஊறி இறுகிக்கொள்ளும், கோடையில் கம்பிகள் தளரும், அப்படியொரு பியானோ அது. லண்டனில் இருந்து வருகிற சோதனைக்காரருக்கு அதில்தான் வாசித்துச் சித்தியடைந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் பியானோ இல்லை. விரல்கள் சோறு கிளறவும் தட்டச்சு அடிக்கவும் பழகிக்கொண்டன.

இங்கே நாங்கள் போகத் தொடங்கிய சேர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியானோ வாசிக்கிற பெண்மணிக்குச் சுகமில்லை. யாராவது வாசிப்பீர்களா என்று போதகர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. இவர் முழங்கையால் என்னை இடித்தார்.

"இஞ்சேரப்பா, எழும்பு."

"விசரே உங்களுக்கு? வருஷக்கணக்காய் தொடயில்லை."

"பிழைச்சால் என்ன, அவை பாடுற சத்தத்திலை அமந்து போகும். எழும்பு."

எழும்பினேன். பிழைக்கத்தான் செய்தது. ஆனால் ஆராதனை முடிந்ததும், உயரமான, தோள் கூனிய ஒரு வெள்ளைக்காரர் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது தாண்டிய வயது. பின்வரிசையில் இருந்து அவர் பாடியது எனக்குக் கேட்டிருந்தது. அந்தச் சேர்ச்சில் குரல் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

"நீங்கள் பாடுகிறவர்களுக்காகக் காத்திருந்து வாசிக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். உச்சரிப்பு ஆங்கிலேயருடையது இல்லை.

"பழக்கமில்லாததால் பிந்திவிட்டேன்" என்றேன்.

"இல்லை, காத்திருந்தீர்கள்" என்று விடாமல் சொன்னார்.

அவர்தான் ஹெல்முட் பிராண்ட். செயற்கைப் பல் செய்து பல்வைத்தியர்களுக்குக் கொடுக்கிறவர். இளமையில் ஜெர்மனியில் சங்கீதம் படிக்கத் தொடங்கியவர். படிப்பு முடிவதற்குள் போர் வந்தது. போருக்குப் பிறகு சிறைமுகாம், அதற்குப் பிறகு கப்பல், பிறகு இந்த நாட்டின் மலைப்பக்கத்தில் அணை கட்டுகிற இடத்தில் கூலிவேலை. அந்தப் பாட்டுத்தொடரை ஒரே மூச்சில், ஆட்களுக்கு முன்னால், ஒருமுறை பாடவேண்டும் என்பது அவருடைய ஆசை. கேட்ட பியானோக்காரர்கள் எல்லாம் "நீளம் கூட, துக்கம் கூட" என்று நழுவிவிட்டார்கள்.

"நான் முயன்று பார்க்கிறேன்" என்று சொன்னேன். என்ன துணிச்சலில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

3

சனிக்கிழமைகளில் சேர்ச் மண்டபத்தில் பழகினோம். அவருடைய வீட்டில் பழகமுடியாது. அவருடைய மனைவி ஜோன் இந்த நாட்டுக்காரர். ஜோனின் அண்ணன் போரில் ஜெர்மன்காரரின் குண்டுக்குச் செத்தவர். கல்யாணம் கட்டும்போது ஜோன் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் அந்த மொழி வரக்கூடாது. பிராண்ட் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இசைத்தட்டுகளைக்கூட மண்டபத்து அலுமாரியில்தான் வைத்திருந்தார்.

மூன்று பேர் பாடிய இசைத்தட்டுகள் அவரிடம் இருந்தன. பழகத் தொடங்குவதற்கு முன் ஒன்றைப் போட்டுக் கேட்போம். முதலாவது மிகப் பழையது. கீறல் சத்தத்துக்குள்ளால், அடுத்த அறையில் யாரோ பாடுவதுபோல் குரல் வரும். இரண்டாவதில் குரல் தேன். எங்கேயும் சிராய்ப்பில்லை. மூன்றாவதைப் பாடியவர் வயதானவர், மேல் சுரங்களைப் பிடிக்கக் கஷ்டப்பட்டார். பிராண்டுக்கு அதுதான் பிடிக்கும். நான் கேட்டது பியானோவை. ஒன்றில் பியானோ பாடகரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். ஒன்றில் பின்னால் வரும். பழையதில் மட்டும், அவன் விழுந்தால் என்ன எழுந்தால் என்ன என்று தன் வழியே போகும். எனக்கு அது பயத்தைத் தந்தது. ஆனால் அதுதான் சரி என்றும் பட்டது.

ஒருமுறை ஐரோப்பாவில் இருந்து பெரிய பாடகர் ஒருவர் வந்து நகர மண்டபத்தில் இதே தொடரைப் பாடினார். இவர், நான், பிராண்ட் மூவரும் போனோம். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சபை முழுக்க இருமியது. இவர் நான்காவது பாட்டோடு நித்திரையாகிவிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் பிராண்ட் சொன்னார்:

"அழகாகப் பாடினார். ஆனால் அவர் பனியில் நடக்கவில்லை. காருக்குள் இருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்."

பிராண்டுடைய பாட்டிலும் எனக்குக் குறை இருந்தது. துக்கமான இடங்களில் எல்லாம் குரலை உடைப்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கையை எடுத்துவிட்டேன்.

"மிஸ்டர் பிராண்ட், இவன் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு நடக்கிறான். எங்கள் ஊர் செத்தவீட்டில் பாருங்கள், ஆம்பிளைகள் பந்தல்காரனோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி."

அவர் பாட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு, "பந்தல் என்றால் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி பாடினோம். இந்த முறை உடைக்கவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்து, சுரம் பிழைத்தது.

ஜெர்மன் எனக்குத் தெரியாது. எங்கே அவர் மூச்சு எடுப்பார் என்று அறிய, சொற்களைத் தமிழெழுத்தில் பென்சிலால் எழுதிவைத்துப் பாடமாக்கினேன். ஒரே ஒரு 'ப' வை வைத்துக்கொண்டு அந்த மொழியோடு மாரடிப்பது லேசில்லை. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துக் கேட்டுக்கொண்டேன். ஒருநாள் ஜெர்மன்காரர் ஒருவரின் பேக்கரிக்குப் போனபோது, அவருடைய மொழியிலேயே கேட்டு அசத்தலாம் என்று வாயைத் திறந்தேன். உறைந்த கண்ணீருக்குச் சொல் வந்தது. காகத்துக்கு வந்தது. இடுகாட்டுக்கும் வந்தது. பாணுக்கு வரவில்லை. கடைசியில் விரலால் காட்டி ஒரு றாத்தல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஆட்கள் அப்போது மெல்பேர்ணில் குறைவு. குறைவான இடத்தில் கதை கெதியாகப் பரவும். ஒரு கல்யாண வீட்டில் பொன்னுத்துரை அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏன் பிள்ளை, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வெள்ளைக்காரனோடை என்ன பாட்டு? எங்கடை பிள்ளையளுக்கு ஒரு கீதம் சொல்லிக் குடுத்தாலும் புண்ணியம்."

நான் பதில் தேடுவதற்குள், பின்னால் நின்ற இவர் சொன்னார்: "அன்ரி, சனிக்கிழமையிலைதான் நான் சமைக்கிறனான். அவ போகாட்டி அந்தச் சாப்பாட்டை அவவும் சாப்பிட வேணும். அதுதான் ஓடுறா."

அன்ரி சிரித்துவிட்டார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

அனிதா முடிக்கவிடவில்லை. அவளுக்கு அப்போது பத்து வயது. ஆனா, ஆவன்னா எழுதமாட்டேன் என்று அடம்பிடித்த ஒருநாள் நான் கையை ஓங்கினேன். அவள் ஒதுங்காமல் நின்று கேட்டாள்.

"யூ லேர்ன்ட் ஜேர்மன் ஃபோ மிஸ்டர் பிராண்ட். பிகோஸ் யூ லைக் ஹிம். நான் யாருக்காகத் தமிழ் படிக்கிறது? இங்கே யார் இருக்கினம்?"

'நான் இருக்கிறேனே' என்று சொல்லியிருக்கலாம். அந்தநேரம் வரவில்லை. ஓங்கிய கையால் அவளுடைய கொப்பியை மூடிவைத்தேன்.

4

எழுபத்தேழு யூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கச்சேரி. இங்கே அதுதான் நடுக்குளிர்காலம். மண்டபத்தில் காஸ் ஹீற்றர் ஒன்று இருந்தது. அதன் சத்தம் பாட்டைக் கெடுக்கும் என்று பிராண்ட் நிறுத்திவிட்டார். வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்கள். சேர்ச் ஆட்கள், சில ஜெர்மன் குடும்பங்கள், இவருடைய கந்தோர் நண்பர்கள், பொன்னுத்துரை அன்ரியும்கூட. ஜோன் வரவில்லை. தமக்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார் பிராண்ட். இவர் கசற் றெக்கோடர் ஒன்றை எடுத்து வந்திருந்தார். பிராண்ட் அவருடைய தோளில் கைவைத்து, "இன்றைக்கு வேண்டாம், செல்வா. அது ஓடுகிறது என்று தெரிந்தால் நான் அதற்குத்தான் பாடுவேன்" என்றார். இவர் பெட்டியை மறுபடி காருக்குள் வைத்துவிட்டு வந்தார்.

தொடங்கினேன். முதல் சில பாட்டுகள் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகம் இல்லை. விரல்கள் விறைத்திருந்தது மட்டும் தெரியும். நடுவழியில் சூடேறியது. அவர் அழவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டு, அதை விட்டு விலகி நடந்தார். ஒருவரும் இருமவில்லை.

முக்கால்வாசி தாண்டியபின் அது நடந்தது. அடுத்த பாட்டின் தொடக்கத்தை நான் வாசித்து முடித்தேன். அவர் பாடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண்கள் வெறுமையாக இருந்தன. தன் தாய்மொழியில், எத்தனையோ வருடங்களாக மனத்துக்குள் பாடிய பாட்டின் முதல் சொல் அவருக்கு வரவில்லை. அதே தொடக்கத்தை மறுபடி வாசித்தேன். வரவில்லை. மூன்றாம் முறை வாசிக்கும்போது, பென்சிலில் எழுதிப் பாடமாக்கிய அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னேன். யாழ்ப்பாணத்து உச்சரிப்பில், முன்வரிசைக்குக் கேட்கும்படி. அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

முடிந்தது. ஒரு ஜெர்மன் கிழவி எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பொன்னுத்துரை அன்ரி என்னிடம், "ஒண்டும் விளங்கயில்லை பிள்ளை. ஆனால் ஆரோ செத்துப் போச்சினம் எண்டு மட்டும் விளங்கினது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அன்றைக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் வானொலி நிலையத்தில் வேலை செய்கிறவர். செப்ரெம்பரில் தங்களுடைய ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்து முழுவதையும் பதிவு செய்யமுடியுமா என்று கேட்டார். பிராண்ட் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். காரில் ஏறும்போது அவர் சொன்னார்: "மிஸஸ் செல்வா, எங்களுடையதும் அலுமாரியில் நாலாவதாக இருக்கப்போகிறது."

5

ஓகஸ்ட் தொடக்கத்தில் தந்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு நோய் கடுமை.

அப்போது எங்களிடம் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். போனால் திரும்பி வருவதற்கு அனுமதி எடுக்கவேண்டும். குடிவரவுக் கந்தோரில் இருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையானவர்தான். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். செப்ரெம்பருக்குள் கட்டாயம் திரும்பவேண்டும் என்றேன்.

"என்ன காரணம்?"

"பியானோ வாசிக்கவேண்டும்."

"அது உங்கள் தொழிலா?"

"இல்லை."

அவர் எழுதத் தொடங்கியதை வெட்டினார். பிறகு, "குடும்பம் இங்கே இருக்கிறது என்று போடுகிறேன். அதுதான் காரணம் என்றால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்" என்றார். அப்படியே போட்டார்.

அம்மாவை உயிரோடு கண்டேன். என்னை அடையாளம் கண்டு, "பிள்ளையை ஏன் கொண்டரயில்லை?" என்று கேட்டார். ஒரு கிழமைக்குள் போய்விட்டார். எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்து புறப்பட ஆயத்தமாகும்போது தெற்கில் தமிழருக்கு எதிராகக் கலவரம். கொழும்புக்கு ரயில் இல்லை. அடிபட்டவர்களும் வீடு எரிந்தவர்களும் வடக்கே வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு குடும்பம் வந்து தங்கியது. அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாயை விரித்துக்கொண்டு இருந்த நாட்களில் எனக்குப் பியானோ நினைவுக்கு வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். தெரு ஓரளவு திறந்து, நான் கொழும்பு போய் விமானத்தில் இடம் பிடிக்கும்போது ஒக்ரோபர்.

மெல்பேர்ணில் நடந்ததை இவர் பிறகு சொன்னார். ஒலிப்பதிவு நாள் நெருங்க, வானொலிக்காரர் வேறு ஒரு பியானோக்காரரை ஒழுங்கு செய்தார். நல்ல தேர்ச்சியான ஆள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார். பிராண்ட் எங்கள் வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் இருந்து இவரைக் கேட்டிருக்கிறார்.

"செல்வா, நான் என்ன செய்ய?"

"அவ வந்திடுவா. ஆனால் எப்ப எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் பாடுங்கோ. அவ ஒண்டும் நினைக்கமாட்டா."

பிராண்ட் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அன்றைக்கு நான் நின்றுபோனபோது அவர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. நானும் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வானொலிக்காரர் தை மாதத்துக்கு நாளை மாற்றினார்.

நான் வந்த அந்தச் சனிக்கிழமையே மண்டபத்துக்குப் போனேன். இரண்டாவது பாட்டில் அவர் நிறுத்தித் தொண்டையைச் செருமினார். தடிமன் என்றார். அடுத்த சனிக்கிழமையும் தடிமன். அதற்கடுத்ததில் குரலின் அடிப்பாகம் கரகரவென்று கிழிந்தது. மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு முன், வைத்தியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுக்காவிட்டால் ஆள் தப்பாது என்றார்கள். எடுத்தார்கள். எடுத்தும் ஆள் தப்பவில்லை. போன வருடம் குளிர்காலம் தொடங்குமுன் போய்விட்டார்.

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவரால் பேசமுடியாது. கட்டிலின் விளிம்பில் விரலால் தட்டுவார். முதல் பாட்டின் நடை. நான் என் பக்கத்தில் இருந்து சேர்ந்து தட்டுவேன். வேகம் கூடினால் தலையை அசைத்து நிறுத்துவார். திரும்பத் தொடங்குவோம். தாதிமார் சிரிப்பார்கள்.

அம்மாவிடம் நான் போனது பிழை என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். பிராண்ட் காத்திருந்ததையும் பிழை என்று எப்படிச் சொல்வது? யாரோ ஒருவருடைய பிழை என்றால் கோபித்துவிட்டு ஆறிவிடலாம். அப்படி ஒருவரும் இல்லை. அவர் எனக்காக நிற்காமல் இருந்திருந்தால், செப்ரெம்பரில் வேறொருவரின் பியானோவோடு அந்தக் குரல் நாடாவில் ஏறியிருக்கும். இன்றைக்கு வானொலியில் வந்திருக்கும். என்னுடைய பெயர் அதில் இல்லாவிட்டால் என்ன? மீன் வெட்டிக்கொண்டே கேட்டிருப்பேன். என்னை மதித்துச் செய்த ஒரு காரியம், ஒரு குரலை உலகத்தில் இல்லாமல் செய்துவிட்டது. இதை எந்த மூலையில் கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

6

அவர் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் காலையில் ரெலிபோன் அடித்தது. ஜோன். அதற்கு முன் நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் சுகம் விசாரித்ததோடு சரி.

"உங்களிடம் அவர் பாடிய பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை, மிஸஸ் பிராண்ட்."

"ஒன்றுமே?"

"ஒன்றுமே இல்லை."

"அப்படியானால் உங்களுடைய பகுதியையாவது எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா?" என்று கேட்டார்.

அந்த வாரமே மண்டபத்தில் சந்தித்தோம். ஜோன் சிறிய உருவம், வெட்டிய நரைமுடி. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பியானோவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அன்றைக்கு நான் அக்கா வீட்டில் இல்லை" என்றார், நான் கேட்காமலே. "போனேன். பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இந்த மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு இருந்தேன். இறங்கமுடியவில்லை. சரியான குளிர். கண்ணாடியைப் பூட்டி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆட்கள் வெளியே வரத் தொடங்கியதும் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். முதலில் அவர் சந்தோஷமாக இருந்தார். கெடுக்க மனமில்லை. பிறகு நோய் வந்துவிட்டது." கைப்பையின் கொளுக்கியைத் திறந்து மூடினார். "இருபத்தைந்து வருடம் அந்த மொழி வேண்டாம் என்று சொன்னவள் நான். அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எப்போதோ விட்டிருப்பேன்."

பியானோவைத் திறந்தேன். முதலிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். தொடங்குமுன், இது மரம், இது ஆறு, இது காகம் என்று சொன்னேன். ஜோன் தலையாட்டிக்கொண்டு இருந்தார். பாடகர் இல்லாமல் அது விசித்திரமாக இருந்தது. ஆள் இறங்கிப்போன பிறகும் தெரு இருப்பதுபோல. பிராண்ட் நின்றுபோன பாட்டு வந்தபோது, அன்று நடந்ததைச் சொன்னேன். நான் எடுத்துக்கொடுத்த சொல்லை ஜோன் சொல்லச் சொன்னார். சொன்னேன். மெல்ல, ஒவ்வோர் எழுத்தாக, அவரும் அதைச் சொல்லிப் பார்த்தார்.

கடைசிப் பாட்டில் பியானோவுக்கு வேலை மிகக் குறைவு. இடது கையில் மாறாத இரண்டு சுரம். வலது கை கொஞ்சம் வாசிக்கும், நிற்கும். மறுபடி கொஞ்சம் வாசிக்கும், நிற்கும். நான் தொடங்கியதும் ஜோன் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார்.

"எந்த இடத்தில் அவர் பாடுவார்?"

"என்னுடைய வலது கை நிற்கிற இடமெல்லாம் அவருடையது" என்றேன்.

மறுபடி முதலில் இருந்து வாசித்தேன். வலது கையை எடுத்தேன். இடது கையின் இரண்டு சுரம் மட்டும் மண்டபத்தில் நின்றது.

"இப்போது பாடுகிறாரா?"

"ஓம். இப்போது."

ஜோன் கண்ணை மூடிக்கொண்டார். நான் கொஞ்சம் வாசித்தேன். நிறுத்தினேன்.

"இப்போது?"

"ஓம்."

மூன்றாம் முறை நான் கையை எடுத்தபோது ஜோன் கேட்கவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தை உயர்த்தி, அவர் பாடி முடிக்குமட்டும் அசையாமல் இருந்தார்.